யார் வீட்டுத் திண்ணை?



அருங்காட்சியகம் என்றாலே நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பேருந்தில் போய் இறங்குவோம், சீட்டு வாங்குவோம், வழிகாட்டி சொல்வதில் பாதியைக் கேட்போம், குழுவாகப் படம் எடுத்துக்கொள்வோம், மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவோம். இந்த மாதப் படிப்பு வட்டப் பாடம் அந்த மாதிரிப் பயணத்தைப் பற்றியது அல்ல. ஒரு கிராம அருங்காட்சியகத்தில் இரவு தங்குவதைப் பற்றியது.

சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள தட்சிணசித்ராவில் எங்கள் கிளை இளைஞர்கள் 19 பேரும் பெரியவர்கள் மூவரும் இரண்டு இரவுகள் தங்கினோம். பொறுப்பாளராக நானும் போயிருந்தேன். பகலில் அங்கே தெரிந்துகொண்டதைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். இரவில் எழுந்த ஒரு கேள்வி மட்டும் ஊர் திரும்பிய பிறகும் எங்களை விடவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, ஓரிடத்தில் மறுபடி கட்டி, ஒரு கிராமத்தையே அருங்காட்சியகமாக்கும் யோசனை ஐரோப்பாவில் பிறந்தது. 1891இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, நாட்டுப்புற வாழ்க்கை கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்த காலம் அது. டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1964இல் தொடங்கிய லெய்ரே என்ற இடத்தில் இரும்புக்காலத்துக் கிராமம் ஒன்றைக் கட்டி, கோடைக்காலத்தில் சாதாரணக் குடும்பங்களை அதற்குள் குடிவைத்தார்கள். அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்து அடுப்பு, அந்தக் காலத்துச் சாப்பாடு. பார்த்துவிட்டுப் போகிறவனுக்கும் அடுப்பு மூட்டிப் புகையில் கண் எரிந்தவனுக்கும் புரிவது ஒன்றாக இருக்குமா?

நம் நாட்டிலும் இதன் உறவுக்கார இடம் ஒன்று உண்டு. கெடா மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், வேறு இடங்களில் கிடைத்த சில சண்டிகளைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து அந்த வளாகத்தில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். பெயர்த்து வைக்கப்படாத சண்டிகளில் ஒன்று, 11ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டதாக 2013இல் செய்தி வந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

தட்சிணசித்ராவுக்கு வருவோம். 1984இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை உருவாக்கியது. அதன் பின்னால் இருந்தவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டவர். வளாகத்தின் அமைப்பை வகுத்தவர் கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பின்னர் பென்னி குரியாகோஸ் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 14ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 10 ஏக்கர் நிலம், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளிலிருந்து 18 வீடுகள். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நடந்தாலே மாநில எல்லை மாறிவிடும். தங்குவதற்கு எளிய அறைகள் தனியாக இருக்கின்றன. பழைய வீடுகளுக்குள் பாய் விரித்துப் படுக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அவை காட்சிப் பொருள்கள். ஆனால் மாலை 6 மணிக்கு வாசல் அடைத்தபின் அந்த வளாகத்துக்குள் இருப்பவர்களில் நீங்களும் ஒருவர். அதுதான் விஷயமே.

ஒரு வீட்டை எப்படி இடம் மாற்றுவது என்பதை யோசித்துப் பாருங்கள். தூண், உத்தரம், நிலை, கதவு, ஓடு ஆகியவற்றைப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி வரலாம். மண்சுவரை அப்படிக் கொண்டுவர முடியாது. தொட்டாலே உதிரும். கூரை வேய்ந்த கீற்றோ சில வருடத்தில் மக்கிவிடும். ஆகவே தேக்கு மரத்தில் கட்டியவன் வீடு அதே மரத்தோடு வந்து நிற்கிறது. மண்ணிலும் ஓலையிலும் கட்டியவன் வீட்டைப் புதிதாகத்தான் கட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. இது யாருடைய குற்றமும் இல்லை, பொருளின் இயல்பு. ஆனால் பழைய வாழ்க்கையைப் பற்றி நாம் ஆசையாகப் பேசும்போது ஏன் எப்போதும் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தளமும் மட்டுமே கண்ணில் வந்து நிற்கின்றன என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. நிலைத்தவை அவை. மீதி கரைந்துவிட்டது.

செட்டிநாட்டு வீட்டின் முன்னால்தான் எங்கள் பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள். நிற்கத் தோன்றும். தெருவை ஒட்டி உயரமான திண்ணை. அதன் மேல் இழைத்து மெருகேற்றிய மரத்தூண்கள். செதுக்கு வேலை நிறைந்த நிலைக்கதவு. உள்ளே நடு முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். வெளிச்சமும் காற்றும் மழையும் முற்றத்தின் வழியாக வீட்டின் நடுவிலேயே இறங்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய செட்டிநாட்டுச் சுவர்கள் கையால் தடவினால் கண்ணாடி போல வழுக்கும். இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? பர்மா, இலங்கை, மலாயா. நகரத்தார் அங்கெல்லாம் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்தார்கள். தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. நம் ஊரில் அவர்கள் கட்டிய கோயில்களை நாம் அறிவோம். பினாங்கு நாட்டுக்கோட்டை செட்டியார் கோயில் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தைப்பூசத்தில் வெள்ளி ரதம் பார்க்கிற நமக்கு, அந்த ரதத்தின் இன்னொரு முனை ஒரு செட்டிநாட்டு வீட்டு வாசலில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வீடு சொந்த வீடு மாதிரித் தோன்றியது. "நம்ம வீடுண்ணே இது" என்று ஒரு தம்பி சொல்லிக்கொண்டே தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தான். பகல் முழுவதும் யாரும் அதை மறுக்கவில்லை.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. வீட்டுக்குச் சொந்தமானது, ஆனால் வீட்டுக்கு வெளியே இருப்பது. கதவு அடைத்த பிறகும் வழிப்போக்கனுக்கு நிழலும் படுக்க இடமும் தருவது. பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்த திண்ணைப் பள்ளிக்கூடமும் அங்கேதான். விருந்தோம்பல் என்பதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, ஒன்பதாவது அதிகாரம். இல்லறத்தான் அன்றாடம் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் விருந்தினருக்கு உணவளிப்பதும் ஒன்று என்று நம் சாத்திரங்கள் சொல்கின்றன. அதற்கு மரமும் மண்ணும் கொடுத்து உருவமாக்கினால் திண்ணை. அதையே அரசன் பெரிதாகச் செய்தால் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்குச் சோறு போட்ட இடம். நம் கிளைகளில் சமயம் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்தி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

மாலை 6 மணிக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் நின்றது. கைவினைக் கடைகளை மூடினார்கள். சாலையில் ஓடும் வண்டிகளின் இரைச்சல் மட்டும் தூரத்தில். அதுவும் குறையக் குறையக் கடற்காற்று கேட்க ஆரம்பித்தது. கூட்டு வழிபாடும் இரவுச் சாப்பாடும் முடிந்தபின், முன்பே கேட்டு வைத்திருந்த அனுமதியோடு, காவலர் ஒருவர் துணைக்கு வர, வீடுகளுக்கு நடுவில் நடந்தோம். கைப்பேசி வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கண் பழகப் பத்து நிமிடம் ஆனது. பழகியதும், பகலில் காட்சிப் பொருளாக இருந்தவை வீடுகளாகிவிட்டன. அறிவிப்புப் பலகை இருட்டில் தெரியாது, பாருங்கள். விளக்கு ஏற்றாத வீடு இருட்டில் எப்படி இருக்கும், அதில் ஒரு பெண் எப்படி நடமாடியிருப்பாள், நாய் குரைத்தால் யார் எழுந்து பார்த்திருப்பார் என்றெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே பேச ஆரம்பித்தார்கள். வழிகாட்டி எவராலும் பேச வைத்திருக்க முடியாத பேச்சு அது.

செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். இடம் தாராளமாக இருந்தது. எங்களோடு வந்த பெரியவர்களில் ஒரு பாட்டி, முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், திண்ணையில் ஏறாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அப்போதுதான் எங்கள் தங்கைகளில் ஒருத்தி கேட்டாள்.

"அண்ணே, எங்க பூட்டன் இந்த ஊர்லதானே இருந்தாரு. அவரு இந்த மாதிரித் திண்ணையில உக்காந்திருப்பாரா?"

நான் பதில் சொல்லவில்லை. படியில் இருந்த பாட்டி சொன்னார்.

"எங்க தாத்தா திருக்கோவிலூர் பக்கம். சின்னப் புள்ளையா இருக்கறப்ப சொல்வாரு. கூலி கேக்கப் போனா தெருவுல நின்னு கூப்பிடணுமாம். திண்ணையத் தொடக்கூடாதாம். கூலி நெல்ல துண்ட விரிச்சு வாங்கிக்கணுமாம், கையில கொடுக்க மாட்டாங்களாம். அதான் கப்பலேறுனேன்னு சொல்வாரு. கங்காணி சம்பளம் அதிகம்னு சொன்னதுக்காக இல்லையாம்."

யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி மெதுவாகச் சொன்னான், "எங்க பூட்டன் கங்காணி, பாட்டி. அவருதான் ஊருக்குப் போயி ஆள் கூட்டிட்டு வந்தவரு." பாட்டி சிரித்துவிட்டார். "அப்ப உங்க பூட்டன் திண்ணையில உக்காந்திருப்பாருடா. எங்க தாத்தா கீழ நின்னிருப்பாரு. இப்ப ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வந்துட்டோம், போ."

இந்த இடத்தில் பாடத்துக்கு வேண்டிய சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்தது இரண்டு பெரிய வழிகளில். முதலில் ஒப்பந்தக் கூலி முறை. 1910இல் அதற்குத் தடை வந்தது. கங்காணி முறை அதற்கு முன்பே தொடங்கி, அதற்குப் பிறகும் நீடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே சொந்த ஊருக்குப் போய், தன் உறவிலும் ஊரிலும் ஆள் சேர்த்து வருவது அது. 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பையும் நிறுத்தியது. 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் பல குடும்பங்களில் இன்னும் புழங்குகிறது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அதன் பாதை. அந்தக் கப்பலில் மேல்தட்டு வெயிலில் பாய் விரித்து வந்தவர்களும் உண்டு, அறை எடுத்து வந்தவர்களும் உண்டு. ஒருவர் சம்பாதித்துப் போய்த் தேக்கு வீடு கட்டினார். இன்னொருவர் போகவேயில்லை.

இன்னொரு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், 1939. அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதிதான் மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் முதன்முதலாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். கங்காணி ஆள்சேர்ப்பு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. அதாவது கங்காணியோடு வந்த நம் பூட்டன் பாட்டிகளில் கணிசமானோர், தங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் கருவறையை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே கப்பலேறியவர்கள். இங்கே வந்து, ரப்பர்த் தோட்டத்தில் தாங்களே கல் நட்டு, தாங்களே கீற்று வேய்ந்து, மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் கட்டினார்கள். தோட்டத்திலும் சாதி கூடவே வந்தது, லயத்துக்கு லயம் பிரிவினை பார்த்ததும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கோயில் கட்டியவன் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை என்ற நிலை அவர்களில் பலருக்கு இங்கேதான் வந்தது.

அன்றிரவு அறைக்குத் திரும்பியும் பேச்சு ஓயவில்லை. "இதெல்லாம் எப்பவோ நடந்தது, இப்ப எதுக்குக் கிளறணும்? வெளியில இருக்கிறவங்க நம்ம சமயத்தக் குறை சொல்றதுக்கு நாமளே எடுத்துக் கொடுக்கற மாதிரி இருக்கு" என்றான் கல்லூரி முடித்த ஒருவன். நியாயமான கவலைதான், நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்பது. என் எண்ணத்தை அவனிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். விருந்தோம்பல் நம் அறம் என்பதும் உண்மை. அந்த அறம் தெருவில் நின்றவனை எட்டாமல் திண்ணை விளிம்போடு நின்றுபோனதும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தால், படியில் உட்கார்ந்த பாட்டிக்கு நம் பாடத்தில் இடமில்லை என்று ஆகிவிடும். நம் கிளை உறுப்பினர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை. இரவு ஒரு மணி வரை விவாதித்தான், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் விடியலில் எழுந்து நடந்தோம். பனி இறங்கியிருந்தது. குயவர் வீட்டுப் பக்கம் போய், பிறகு ஐயனார் சந்நிதிக்கு வந்தோம். சுடுமண் குதிரைகள். இதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பல ஐயனார் கோயில்களில் பூசாரி குயவர்தான். வேளார் என்று அழைப்பார்கள். குதிரையைச் செய்கிறவர் கையே பூசையும் செய்கிறது. ஊர் எல்லையில், பெரிய கோபுரம் இல்லாமல், மரத்தடியில் இருக்கும் காவல் தெய்வம். நம் ஊரில் ஆலமரத்தடி முனீஸ்வரரையும் தோட்ட எல்லை முனியாண்டியையும் 'சின்னக் கோயில்தானே' என்று கடந்துபோகிற பிள்ளைகள், அன்று அந்தக் குதிரைகளுக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார்கள். தங்கள் பூட்டன் கொண்டுவந்த தெய்வம் எந்த வாசலிலிருந்து வந்தது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு கும்பிட்டார். முதல் நாள் திண்ணையருகே தயங்கியவர் இங்கே தயங்கவில்லை.

உங்கள் கிளையும் இப்படி ஒரு முகாம் போட நினைத்தால் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். தட்சிணசித்ரா செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைப் பார்த்து நாள் குறியுங்கள். நவம்பரில் போனால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஏப்ரலுக்கு மேல் வெயில் தாங்காது. ஜனவரி, பிப்ரவரி உத்தமம். எத்தனை பேர், ஆணும் பெண்ணும் எத்தனை, என்ன சாப்பாடு என்பதை எழுத்தில் முன்பே தெரிவித்துவிடுங்கள். இரவு நடைக்கும் தனியாக அனுமதி கேளுங்கள், நேரில் போய்க் கெஞ்சுவது மரியாதையாக இருக்காது. கூரை, மரம், ஓலை உள்ள இடத்தில் நெருப்பு ஆகாது. கற்பூரம், ஊதுவத்தி, முகாம் நெருப்பு எதுவும் கூடாது. வழிபாட்டுக்குச் சின்ன மின்விளக்கு போதும், மனசு இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கொசுவத்திச் சுருளும் நெருப்புதான், அதனால் பூசிக்கொள்ளும் மருந்து எடுத்துப் போங்கள். கூடாரம் அடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதையும் அங்கேயே கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். நம் ஊர்க் கடற்கரை முகாம் மாதிரி நினைத்த இடத்தில் ஆணி அடிக்கும் வேலை வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலைக் காலி விடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் முகாம்களின் நோயே இதுதான். காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை உரை, விளையாட்டு, உரை, குழு நடவடிக்கை என்று அடைத்து வைத்தால், பிள்ளைகள் தூங்கத்தான் நேரம் தேடுவார்கள், கேள்வி கேட்க அல்ல. இரவு 8 மணிக்கு மேல் ஒன்றும் வைக்காதீர்கள். பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், அதுவும் மேடைப் பேச்சாளர்களை அல்ல. தோட்டத்தில் வேலை செய்தவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்தவர். விமானச் சீட்டுக்குக் கிளை நிதியிலிருந்து கொஞ்சம் கொடுத்தாலும் தகும்.

எல்லாராலும் இந்தியாவுக்குப் போக முடியாது, தெரியும். அதனால் இந்த மாதப் பயிற்சியை இங்கேயே செய்கிற மாதிரி வைத்திருக்கிறேன். தட்சிணசித்ராவில் 18 வீடுகள் இருக்கின்றன. அவற்றில் லயம் இல்லை, இருக்கவும் நியாயமில்லை, அது நம் ஊர்க் கதை. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். தேக்கு மாதிரி நிற்கிற பொருள் அதில் ஒன்றும் இல்லை. தோட்டம் விற்றதும் கூரைத் தகரத்தைக் கழற்றுவார்கள், பலகை அடுப்புக்குப் போகும், அடுத்த வருடம் அங்கே செம்பனையோ வீடமைப்போ இருக்கும். பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி எங்கேயாவது மறுபடி கட்டுவதற்கு முதலில் யாரிடமாவது ஒரு வரைபடம் இருக்க வேண்டுமே!

ஆகவே, உங்கள் குடும்பத்தில் லயத்தில் வாழ்ந்தவர் ஒருவரைப் பிடியுங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை, யாரானாலும் சரி. ஒரு பெரிய தாளை வைத்து அவர் சொல்லச் சொல்ல வீட்டை வரையுங்கள். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, சாமி படம் எந்தச் சுவரில், தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, கக்கூஸ் எவ்வளவு தூரம், பிள்ளை பிறந்தபோது எந்த மூலையில் படுத்தார்கள். அளவு தெரியாவிட்டால் அவரையே தரையில் அடி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு லயத்துக்கு வெளியே வாருங்கள். கோயில், பள்ளி, பெரட்டுக் களம், கிராணி வீடு, துரை பங்களா. ஒவ்வொரு இடத்திலும் அவர் எதுவரை போவார், எங்கே நிற்பார் என்று ஒரு புள்ளி வையுங்கள். வந்தவரை எங்கே உட்கார வைப்பார்கள் என்றும் கேளுங்கள்.

எங்களோடு வந்த பாட்டியின் படத்தை ஊர் திரும்பிய வாரமே வரைந்தோம். வாசலுக்கு முன்னால் ஒரு நீளக் கோடு போடச் சொன்னார். "இது என்ன பாட்டி, சுவரா?" என்று கேட்டோம். "பலகைடா. எங்கப்பா ரெண்டு கல்லு வச்சு மேல பலகை போட்டு வச்சிருந்தாரு. யாரு வந்தாலும் அதுலதான் உக்காருவாங்க. கிராணி வந்தாலும் அதுதான், கூட்டுறவர் வந்தாலும் அதுதான்." படத்தில் அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று பிள்ளைகளுக்குள் ஒரு சின்னச் சண்டை. கடைசியில் பாட்டி சொன்னபடி 'பலகை' என்றே எழுதினோம்.

அடுத்த மாதப் படிப்பு வட்டத்துக்குப் படங்களைக் கொண்டு வாருங்கள். ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதை ஓரத்தில் எழுதுங்கள். பேனாவில் வரைய வேண்டாம், பென்சிலே நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இல்லப்பா, கிணறு அந்தப் பக்கம்" என்பார். அழிக்க வேண்டியிருக்கும்.